நைனாவுக்குப் பின்னால் ஓர் அலை

போட்டோச் சட்டத்தை இழுத்த வேகத்தில் ஆணியும் கூடவே வந்துவிட்டது. சுவரிலிருந்து ஒரு கைப்பிடிக் காரை உதிர்ந்து மாயாவின் காலடியில் விழுந்தது.

"பாத்து கயட்டு கண்ணு, கண்ணாடி கீது," என்றார் பகலவன். அவளுடைய தாய்மாமன். ஐஸ் பெட்டி, பந்தல், மேளம் என்று காலையிலிருந்து மூன்று மாடி ஏறி இறங்கியதில் அவருக்கு மூச்சு வாங்கியது. "நேரா வண்ணாரப்பேட்ட மொஹ்சின் கடைக்கிப் போ. ரெண்டு மணிக்குள்ள பேனர் வோணும்னு சொல்லு. நம்ம பிளாக்காண்ட ஒண்ணு, மூலக்கொத்தளம் சுடுகாட்டு கேட்டாண்ட ஒண்ணு."

"ஆதார் கார்டு போட்டோ போதாதா?"

"அதுல உங்க நைனா திருடன் மாரி கீறாரு. மனுசன் ஆயுசுக்கும் ஒயுங்கா நின்னு எடுத்துகினது இந்த அந்தமான் போட்டோதான். அதையே போடச் சொல்லு."

ஹாலில் பாதியை அடைத்துக்கொண்டு ஐஸ் பெட்டி ஓடிக்கொண்டிருந்தது. உள்ளே மாயாவின் அப்பா கிருஷ்ணப்பன். காலை ஆறரைக்கு டீ டம்ளரைக் கையில் வாங்கியவர், சுவரில் சாய்ந்தார், அவ்வளவுதான். டம்ளர் மடியில் நேராக நின்றுகொண்டிருந்தது. அறுபத்தெட்டு வருடம் யாருக்கும் தொந்தரவு கொடுக்காத மனிதர், கடைசியில் டீயைக் கூடச் சிந்தாமல் போய்ச் சேர்ந்துவிட்டார்.

"இன்னொண்ணு மாயா," பகலவன் குரலைத் தாழ்த்தினார். அவர் தாழ்த்தினால் இரண்டு வீடு தள்ளிக் கேட்கும். "மொத மண்ணு நீதான் போடணும். அவருக்குனு நீ ஒருத்திதான் கீற."

"நீயே போடு மாமா."

"இன்னா பேசற நீ?"

"பாரிக்கு நீதான போட்ட? பெத்த அப்பன் இருந்தும் மாமந்தான மண்ணு தள்ளுன? இவருக்கும் நீயே தள்ளு. கணக்கு சரியாப் பூடும்."

ஐஸ் பெட்டியைச் சுற்றி உட்கார்ந்திருந்த பெண்களின் ஒப்பாரி சட்டென்று நின்றது. தலைமாட்டில் இருந்த பூவம்மா மகளை நிமிர்ந்து பார்த்தாள். மாயா சட்டத்தைச் செய்தித்தாளில் சுற்றிக்கொண்டு படியிறங்கினாள்.

அந்தக் கோபத்துக்கு இருபத்தேழு வயது. அன்று மாயாவுக்குப் பத்து, தம்பி பாரிக்கு ஆறு. ஹார்பரில் மூட்டை இறக்கிக்கொண்டிருந்த கிருஷ்ணப்பன், அந்தமானில் கட்டட வேலை, ஆறு மாதம், நல்ல கூலி என்று ஒருநாள் பிள்ளைகள் தூங்கி எழுவதற்குள் கிளம்பிப் போய்விட்டார். வியாசர்பாடியில் அது பெரிய அதிசயம் ஒன்றும் இல்லை. அந்தமானுக்குக் கப்பல் அதே ஹார்பரிலிருந்துதான் போகும். எந்த பிளாக்கை எடுத்தாலும் போய் வந்தவர் ஒருவர் இருப்பார்.

அவருக்கு எழுத வராது. அதனால் கடிதத்துக்குப் பதிலாக மாதம் ஒரு போட்டோ வந்தது. பூவம்மா வேலைவிட்டு வரும்போது முந்தானையிலிருந்து எடுத்து, அடிப்பக்கத்தைக் கையில் பிடித்தபடியே காட்டுவாள். "நைனா அனுப்சிகீது பாரு." சாய்ந்த தென்னைகள், சர்க்கரை மாதிரி மணல், பச்சையும் நீலமுமாகத் தண்ணீர், தூரத்தில் ஒரு பாய்மரம். நடுவில், கைகளை எங்கே வைப்பதென்று தெரியாமல் விறைத்துப்போய் நைனா. அவர் தோளுக்குப் பின்னால் ஓர் அலை எழும்பி, உச்சியில் நுரை பிதுங்கி, இதோ விழப்போகிறேன் என்று நின்றது.

பிள்ளைகள் இருவருக்கும் கடல் புதிதில்லை. ராயபுரத்தில் கருங்கல் கொட்டிய கரை, காசிமேட்டில் மீன் கழுவிய தண்ணீர், எண்ணூரில் சாம்பல் மிதக்கிற வெந்நீர். கடல் என்றால் இதுதான் என்று இருந்தவர்களுக்கு அந்தப் படம் வேறு உலகமாக இருந்தது. மாயா தென்னையைப் பார்த்தாள். பாரி அலையைத்தான் பார்த்தான்.

"ம்மா, நைனா மேல அல வுழப் போவுது. நவுர சொல்லும்மா."

அடுத்த மாதம் வேறு சட்டையில் நைனா வந்தார். அலை அங்கேயே நின்றது. "இன்னும் வுழலியே," என்றான் பாரி. "அவரு ஏன் திரும்பிப் பாக்கவே மாட்றாரு?" மூன்றாவது மாதமும் அதைக் கேட்டான். போட்டோவில் எதுவும் அசையாதுடா லூசு என்று மாயா அவன் தலையில் குட்டினாள். அந்தக் குட்டு இன்றும் அவள் விரல் முட்டியில் இருக்கிறது.

நான்காவது போட்டோ வந்த வாரத்தில் பாரிக்குக் காய்ச்சல் வந்தது. தலைவலி என்றான், வாந்தி எடுத்தான், பிறகு யாரையும் அடையாளம் தெரியாமல் கிடந்தான். மூளைக் காய்ச்சல் என்றார்கள். பதினோராம் நாள் போய்விட்டான். தந்தி கொடுத்தாயிற்று, கப்பல் கிடைக்கவில்லையாம் என்றாள் பூவம்மா. பகலவன் மாமா மண் தள்ளினார். இரண்டு மாதம் கழித்து, பை நிறையச் சிப்பியோடு, பாதியாக இளைத்துப்போய் கிருஷ்ணப்பன் வந்து நின்றபோது மாயா வாசலிலேயே மறித்துக் கேட்டாள்: "ஏன் வர்ல?"

"கப்பல் கெடைக்கல கண்ணு."

அன்றோடு அவரை நைனா என்று கூப்பிடுவதை நிறுத்தினாள். ஒரே வீட்டில் இருந்துகொண்டு ஒரு மனிதரை எந்தப் பெயரும் சொல்லாமல் இருபத்தேழு வருடம் ஓட்டுவது லேசான காரியம் இல்லை. "சாப்பாடு வெச்சிகீது", "மாத்திர போட்டாச்சா", "கதவ சாத்தணும்" என்று சுவரிடம் பேசுவதுபோல் பேசிப் பழகினாள். கல்யாணமாகிப் போய், ஒத்துவராமல் திரும்பி வந்தபோதும் அப்படித்தான். அழகான கடல் எதுவுமே அவளுக்கு ஆகாது. திருவொற்றியூரில் அவள் வேலை பார்க்கும் கன்டெய்னர் யார்டு ஆபீசுக்கு ஒரு கப்பல் கம்பெனி வருடாவருடம் காலண்டர் கொடுக்கும்; மாதத்துக்கு ஒரு தீவு. மாயா ஜனவரியிலேயே படத்தின் மேல் வெள்ளைத்தாளை ஒட்டித் தேதியை மட்டும் விட்டுவிடுவாள். பூவம்மா அட்டையில் ஒட்டிக் கொடுத்த அந்த நான்கு போட்டோவையும் ஒரே சட்டத்தில் போட்டு மாட்டியது பகலவன் மாமாவின் பெருமை. அக்கா வீட்டுக்காரர் தீவுக்குப் போய்வந்தவர் இல்லையா!

மொஹ்சின் கடையில் மூன்று பேனர்கள் ஓடிக்கொண்டிருந்தன: ஒரு காதுகுத்து, ஒரு கட்சிக்காரர், ஒரு சாவு. விஷயத்தைச் சொன்னதும் அவன் மற்ற எல்லாவற்றையும் நிறுத்தினான்.

"கண்ணாடியோட ஸ்கேன் பண்ணா வெளிச்சம் அடிக்கும்க்கா. தொறக்கட்டா?"

ஸ்க்ரூடிரைவரால் பின்பக்கத் தகட்டை நெம்பினான். கண்ணாடிக்கு அடியில் நான்கு ஜன்னல் வெட்டிய அட்டை ஒன்று இருந்தது. அதைத் தூக்கியபோது, இத்தனை வருடம் அட்டை மூடியிருந்த போட்டோவின் கீழ்ப்பகுதி வெளியே வந்தது.

வெள்ளை மணல் ஓர் இடத்தில் நேர்கோடாக முடிந்தது. அதற்குக் கீழே சிமெண்டுத் தரை. கடல் சுருண்டுவிடாமல் இருக்க அதன் ஓரத்தில் இரண்டு செங்கல். ஒரு பக்கம் மர ஸ்டூல். அதன்மேல் மடித்து வைத்த சட்டைகள். முதல் போட்டோவின் ஸ்டூலில் இரண்டாவது போட்டோவின் நீலச் சட்டையும், மூன்றாவதின் கோடு போட்டதும், நான்காவதின் பழுப்பும் வரிசையாகக் காத்திருந்தன. எல்லாவற்றுக்கும் அடியில் ஒரு மஞ்சள் கட்டம் போட்ட சட்டை. அது எந்தப் போட்டோவிலும் இல்லை.

மொஹ்சின் ஒன்றைத் திருப்பினான். "அட, இது நம்ம கட சீல்க்கா! ஹஃப்சா ஸ்டூடியோ. எங்க அக்கா பேரு. வாப்பா ஸ்டூடியோவா வெச்சிருந்தாரு, நான் ஃபிளெக்ஸ் ஆக்கிட்டேன்." அவன் முகம் மலர்ந்தது. "இந்த சீனரி அவர் கையால வரைஞ்சது. அல மேல கீற நொர கீதே, அது டூத் பிரஷ்ல வெள்ள பெயிண்ட தொட்டுத் தெளிச்சது. மனுசன் தீவப் பாத்ததே கெடையாது. ஏதோ காலண்டரப் பாத்து வரைஞ்சாரு. ஸ்கூல் வுட்டு வந்தா நான் இதுக்குக் கீயதான் தூங்குவேன்."

"இது அந்தமான்ல எடுத்தது," என்றாள் மாயா. தன் குரலை யாரோ பேசுவதுபோல் கேட்டாள்.

மொஹ்சின் நான்கையும் கவிழ்த்து வைத்தான். நான்கிலும் முத்திரைக்குக் கீழே பென்சிலால் ஒரே தேதி. 4.2.98. ஐயோ, தெரியாமல் எதையோ தொட்டுவிட்டோமே என்று அவன் கைகளைப் பின்னால் இழுத்துக்கொண்டான்.

"சீனரிய எடுத்துட்டு மேகம் போட்றேன்க்கா. வெளக்கு, புறா... எல்லாரும் அதான் கேப்பாங்க."

"இருங்க. வந்துட்றேன்."

ஆட்டோவில் வரும்போது அவள் யோசித்ததெல்லாம் ஒன்றுதான். ஆறு மாதம் இந்த ஆள் எங்கே இருந்தார்? யாரோடு? அவள் வாய்க்குள் கெட்ட வார்த்தை ஒன்று வந்து உட்கார்ந்திருந்தது.

பூவம்மாவை எழுப்பிச் சமையலறைக்குக் கூட்டிவந்தாள். அடுப்பு மேடையில் நான்கு போட்டோவையும் செங்கல் தெரிய வைத்தாள்.

"இன்னா இது?"

பூவம்மா பார்த்தாள். தெரியாத மாதிரி ஒரு நொடிகூட நடிக்கவில்லை. "கதவ சாத்து," என்றாள்.

"அவரு அந்தமானுக்கே போவல."

"போவல."

"ஜெயிலா? இல்ல வேற பொம்பளையா?"

"த்தூ, இல்லடி. டி.பி." அந்த ஒரு சொல்லை அவள் கதவுப் பக்கம் பார்த்துக்கொண்டு சொன்னாள். இருபத்தேழு வருடம் கழித்தும், செத்தவர் ஹாலில் கிடக்கும்போதும், எதிர் வீட்டுக்குக் கேட்டுவிடக்கூடாது. "ரத்தமா துப்புனாரு. ஆறு மாசம் வார்டுல படுக்கணும், புள்ளைங்கள கிட்ட சேக்காதனாங்க. ஹார்பர்ல தெரிஞ்சா வேல போச்சி. இங்க தெரிஞ்சா கொயாயில தண்ணி புடிக்க வுடுவாங்களா? உங்களோட ஒரு புள்ள வெளாடுமா? கப்பல் ஏறிட்டேன்னு சொல்லிடுனாரு. அட்மிட் ஆவறதுக்கு மின்னாடி நாளு, சட்டைங்கள தூக்கிகினு ஸ்டூடியோவுக்குப் போய் எல்லாத்தையும் எடுத்துகினாரு. மாசம் ஒண்ணா குடு, புள்ளைங்க என்னத் தேடாதுங்கனாரு."

"எந்த ஆஸ்பத்திரி?"

"பஸ்ஸுல ஆறு ஸ்டாப்பிங்."

குழாய் சொட்டிக்கொண்டிருந்தது. மாயா அதை இறுக்கினாள். அது நிற்கவில்லை.

"ஆறு ஸ்டாப்பிங்ல இருந்துகினு பெத்த புள்ள சாவுக்கு வர்ல."

பூவம்மா அப்படியே தரையில் உட்கார்ந்தாள். "பாரிக்கு எப்டி வந்துச்சினு நெனச்சிகினு கீற? அதே நோவுதான். அவர்கிட்ட இருந்து வந்தது. கொயந்தைக்கி மூளைல போயி குந்திகிச்சி." மூச்சை இழுத்துக்கொண்டாள். "டாக்டர் என்னக் கேட்டாரு மாயா. வூட்ல யாருக்காவது டி.பி. கீதாம்மா, நெஜத்த சொல்லுனு கேட்டாரு. உங்க மாமா, எதிர் வூட்டு அம்மா எல்லாம் எனக்குப் பின்னாடி நின்னுகினு கீறாங்க. இல்லனு சொன்ட்டேன்."

மாயா மறுபடியும் குழாயை இறுக்கினாள்.

"நாலு நாள் கயிச்சி தனியா போயி சொன்னேன். அப்பால மருந்த மாத்துனாங்க. முன்னாடியே சொல்லியிருக்கணும்மானு மட்டும் சொன்னாரு. திட்டக்கூட இல்ல."

வெளியே மேளக்காரர்கள் வந்து தோலைச் சூடுபண்ண ஆரம்பித்திருந்தார்கள். விட்டுவிட்டு ஒற்றை அடி கேட்டது.

"அவருக்குத் தெரியுமா?"

"வார்டு ஜன்னலுக்கு வெளிய நின்னுகினு நாந்தான் சொன்னேன். ஒரு வார்த்த கேக்கல என்ன. ஒரு வார்த்த." அவள் முந்தானையை வாயில் அழுத்திக்கொண்டாள். "அவரு வந்தாருடி. மூலக்கொத்தளத்துக்கு வந்தாரு. எதுத்தாப்புல டீக்கடயாண்ட, மூஞ்சில துண்ட கட்டிகினு நின்னாரு. கிட்ட வந்தா எல்லாம் வெளிய வந்துடும். நான் சொன்ன பொய்யும் வந்துடும். கடைசி ஆளு போற வரைக்கும் அங்கியே நின்னுகினு இருந்தாரு."

"அப்பால ஏன் எங்கிட்ட சொல்லல? நான் வளந்தப்புறம் சொல்லியிருக்கலாம்ல? நான் அவர எப்டி எப்டியெல்லாம்..." மாயாவால் முடிக்க முடியவில்லை.

"சொல்லிட்றேன்னு எத்தினியோ வாட்டி கெளம்புனேன். அவருதான் வாணாம்னாரு. 'அவளுக்குனு கீறது நாம ரெண்டு பேரு. ரெண்டு பேர் மேலயும் கோவமா இருந்தா அந்தப் புள்ள எங்க போவும் பூவு? எம்மேல மட்டும் இருக்கட்டும்'னாரு."

கத்த வேண்டும்போல் இருந்தது மாயாவுக்கு. இந்த அம்மாவைத் தோளைப் பிடித்து உலுக்க வேண்டும், பாரி பாரி என்று கத்த வேண்டும். கீழே பார்த்தாள். பூவம்மாவின் உச்சியில் முடி கொட்டி மண்டை தெரிந்தது. காலையிலிருந்து அவள் ஒரு வாய்த் தண்ணீர் குடிக்கவில்லை. மாயா சொம்பில் தண்ணீர் மொண்டு கொடுத்தாள். குடித்து முடிக்கும்வரை நின்றாள். இருபத்தேழு வருடத்துக் கோபம் போய் உட்கார ஓர் இடம் இல்லாமல் அவளுக்குள்ளேயே சுற்றிச் சுற்றி வந்தது.

"மஞ்ச சட்ட போட்டோ எங்க?" என்று கேட்டாள்.

பூவம்மா எழுந்து அரிசி டிரம்முக்குள் தோள்வரை கைவிட்டாள். பிளாஸ்டிக் கவரில் சுற்றியது வந்தது. "அஞ்சாவது. அவரு வூட்டுக்கு வர்ற மாசத்துக்கு வெச்சது. குடுக்கறதுக்குள்ள பாரி பூட்டான். அப்பால எடுக்கவே மனசு வர்ல."

அதே தென்னை. அதே பாய்மரம். அதே அலை. மஞ்சள் கட்டம் போட்ட சட்டையில் கிருஷ்ணப்பன் சிரித்துக்கொண்டிருந்தார். கண் இடுங்கி, மேல் வரிசையில் ஒரு பல் இல்லாதது தெரிய, வாய் நிறையச் சிரிப்பு. "இதுல மட்டும் சிரிக்கிறேன், ஊருக்கு வர்ற சந்தோசம்னு புள்ளைங்க நெனச்சிக்கும்னு சொல்லிகினே எடுத்துகினாராம்," என்றாள் பூவம்மா. மாயா அந்தப் பல்லையே பார்த்தாள். அவருக்கு அங்கே பல் இல்லை என்பதே அவளுக்கு இன்றைக்குத்தான் தெரியும்.

மொஹ்சின் அந்தப் போட்டோவை ஸ்கேன் பண்ணித் திரையில் பெரிதாக்கினான். அலையில் தூரிகைத் தடமெல்லாம் தெரிந்தது. "மேகம் போட்ரட்டாக்கா?" என்று தயங்கித் தயங்கிக் கேட்டான்.

"வாணாம். கடல் இருக்கட்டும். கீய அந்த செங்கல்லு, ஸ்டூலு, தரை மட்டும் தெரியக்கூடாது. மணலோட நிறுத்திடுங்க."

"சரிக்கா."

"யார் கேட்டாலும் அந்தமான்ல எடுத்தது."

மொஹ்சின் அவளைப் பார்த்தான். பிறகு செங்கல்லைப் பார்த்தான். "ஆமாக்கா," என்று சொல்லிவிட்டுக் படத்தை வெட்டும் கோட்டை மேலே இழுத்தான்.

இரண்டு மணிக்குப் பேனர் பிளாக் முன்னால் ஏறியது. வந்தவர்கள் எல்லோரும் அண்ணாந்து பார்த்தார்கள். "இந்த ஆளுக்கு சிரிக்கத் தெரியுமா?" என்று ஒருவர் வியந்தார். "அந்தமான்ல எடுத்தது, மெய்யாலுமே அந்தக் கடலு அப்டித்தான் பளபளனு கீதாம்," என்று பகலவன் போகிற வருகிறவரிடமெல்லாம் சொல்லிக்கொண்டிருந்தார். "இல்ல மாயா?"

"ஆமா மாமா," என்றாள்.

நான்கு மணிக்கு மூலக்கொத்தளம். புத்தம் சரணம் என்று திரிசரணம் சொல்லி முடித்து, கிருஷ்ணப்பனைக் குழியில் இறக்கினார்கள். பகலவன் மண்ணெடுக்கக் குனிந்தார். மாயா அவர் மணிக்கட்டைப் பிடித்தாள்.

"நான் போட்றேன் மாமா."

ஒரு கைப்பிடி அள்ளினாள். மற்றக் கையால் பூவம்மாவின் கையை இழுத்து அதிலும் பாதி மண்ணை வைத்தாள். "நைனா," என்று கூப்பிட்டாள். இரண்டாவது முறை கூப்பிட்டு மண்ணைப் போட்டாள். சுற்றி நின்றவர்கள் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. செத்த அப்பனை மகள் கூப்பிடுவது எங்கும் நடப்பதுதான். பூவம்மா மட்டும், அதுவரை அழாதவள், மண்ணிலேயே உட்கார்ந்து அழுதாள்.

எல்லோரும் குழாயடியில் கைகால் கழுவிக்கொண்டிருந்தபோது மாயா கேட்டைத் தாண்டி, சாலையைக் கடந்து எதிர்ப்பக்கம் போனாள். டீக்கடை இருந்த இடத்தில் இப்போது பிரியாணிக் கடை. அதன் ஓரமாக, மின்கம்பத்துக்குப் பக்கத்தில் நின்று திரும்பிப் பார்த்தாள்.

அங்கிருந்து சுவர்தான் தெரிந்தது. பழைய சுவர், அன்றைக்கும் இதே உயரம்தான் இருந்திருக்கும். சுவருக்கு மேலே ஒரு பூவரச மரத்தின் தலை. குழி தெரியவில்லை, ஆட்கள் தெரியவில்லை, பாரியைப் புதைத்த மூலை தெரியவே இல்லை. குதிகாலைத் தூக்கிப் பார்த்தாள். அப்போதும் மரம்தான் கொஞ்சம் கூடத் தெரிந்தது.

சுவரின் மேல் பேனர் கட்டியிருந்தது. மஞ்சள் சட்டையில் நைனா சாலையைப் பார்த்துச் சிரித்துக்கொண்டிருந்தார். ஹார்பர் பக்கமிருந்து காற்று அடித்தது. ஃபிளெக்ஸ் படபடவென்று அடித்துக்கொண்டது. மேல்மூலையில் ஒரு முடிச்சு அவிழ்ந்து, அலை இருந்த பக்கம் அப்படியே மடிந்து அவர் தலைமேல் சரிய ஆரம்பித்தது.

மாயா ஓடினாள். கடந்துபோன பஸ் ஒன்று அவளுக்காக ஹாரன் அடித்து நின்றது, டிரைவர் எதையோ சொல்லித் திட்டினார். சுவரோரம் கிடந்த கல்லில் ஏறி, கையை எட்டும்வரை நீட்டி, அந்த மூலையைப் பிடித்து மேலே தூக்கிக் கம்பியில் கட்டினாள். இரண்டு முடிச்சு போட்டாள். இழுத்துப் பார்த்துவிட்டு மூன்றாவதும் போட்டாள்.